பாடசாலைத் தோட்டத்தில் விளைவது பிள்ளையின் கோப்பைக்கு வர வேண்டும்

வலிகாமம் ஆரம்பப்பிரிவு ஆசிரியை

யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்தில் தோட்டம் இல்லாத பாடசாலை குறைவு. பெயர்ப்பலகை இருக்கும், சுண்ணாம்பு அடித்த கல் வரிசை இருக்கும், நாலு பாத்தி கத்தரி, ரெண்டு பாத்தி மிளகாய், ஓரத்தில் செவ்வந்தி. மேலிடத்திலிருந்து ஆட்கள் வரும் கிழமை மட்டும் பாத்தி கொத்தி நீர் காட்டியிருக்கும். காய்த்ததை ஆசிரியர்களே காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போவோம், காசு சங்கக் கணக்கில் சேரும். பிள்ளையின் மதியச் சாப்பாட்டுக்கு மரக்கறி சந்தையிலிருந்துதான் வரும். நான் படிப்பித்த எந்தப் பாடசாலையிலும் இதுதான் நடந்தது.

காலமை வெறும் தேத்தண்ணியோடு வருகிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். பத்து மணிக்கு மேசையில் தலையைச் சாய்த்துவிடுவார்கள். 2016 குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 15 வீதம் பேர் உயரத்துக்கேற்ற நிறை இல்லாதவர்கள். அந்த வயதுப் பிள்ளைகள்தான் பிறகு எங்கள் வகுப்புகளுக்கு வந்தார்கள். இடையில் 2022 பொருளாதார நெருக்கடி வந்தது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அப்போது பல வீடுகளில் முட்டையும் மீனும் நின்றுபோனது. சில வீடுகளுக்கு அவை இன்னும் பழையபடி திரும்பவில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். விளைவதைப் பிள்ளை சாப்பிடுகிற மாதிரி ஒரு தோட்டத்தை எப்படிச் செய்வது? எதை வைப்பது, யார் தண்ணீர் விடுவது, மருந்து அடிக்காமல் எப்படிக் காப்பது? தோட்டம் செய்கிறவர்கள், சமைக்கிறவர்கள், சுகாதாரப் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் எழுதுங்கள்.

ஏழாலைத் தோட்டக்காரர்

ரீச்சர், முதலில் பாத்தியை விட்டுவிட்டு வேலியைப் பாருங்கோ. கத்தரி, மிளகாய், தக்காளி எல்லாம் தினமும் ஆள் நின்று பார்க்க வேண்டிய பயிர். பாடசாலைக்கு அது சரிவராது. ஆவணி லீவு முடிந்து வரும்போது காய்ந்த தண்டுதான் நிற்கும். லீவிலும் சாகாமல் நிற்கிற பச்சைதான் உங்களுக்கு வேண்டும்.

முருங்கைக் கதியால், அதாவது நட்டால் தளிர்க்கிற வேலிக்கம்பு, கைத்தண்டு மொத்தத்தில் வெட்டி, வெட்டுவாய் காய விட்டு, மாரி தொடங்குமுன் நடுங்கள். தண்ணீர் தேங்குகிற இடத்தில் அழுகிவிடும், மேடு பார்த்து நட வேண்டும். வளர்ந்ததும் நெஞ்சளவில் தறித்துவிடுங்கள். உயர விட்டால் காய்தான் கிடைக்கும், இலை பிள்ளைக்கு எட்டாது. தறிக்கத் தறிக்கத் தளிர் வரும். கம்பி வேலியில் பசளிக்கீரைக் கொடியை ஏற்றிவிடுங்கள். மூலையில் அகத்தி, கிணற்றடிக் கழிவுநீர் ஓடுகிற இடத்தில் வாழையும் பப்பாசியும். கை கழுவுகிற தண்ணீரே அதுகளுக்குப் போதும்.

ஒன்று கவனம். மாரிகாலத்தில் முருங்கையில் மயிர்க்கொட்டி அடை அடையாக வரும். வகுப்பறை யன்னலுக்கும் பிள்ளைகள் வரிசையில் நிற்கிற இடத்துக்கும் கிட்ட முருங்கையை நட வேண்டாம். தறித்து வைத்த மரத்தில் அது குறைவு, வந்தாலும் கண்ணில் படும்.

பசளைக்கு வெளியே போகத் தேவையில்லை. எங்கள் ஐயா காலத்தில் பூவரசங்குழை, பழைய வேலியால் பிரித்த பனையோலை எல்லாம் தறைக்குள் தாழ்ப்பார்கள். போகம் முடிந்த காணியில் ஆட்டுப்பட்டி அடைப்பார்கள். செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல் இருக்கிற நிலம் இது. விட்ட தண்ணீர் இறங்கிப் போய்விடும். மக்கின குழை இருந்தால்தான் ஈரம் நிற்கும்.

கிளிநொச்சியில் விவசாயம் படித்தவன்

ஐயா சொன்ன வேலி யோசனை நல்லது. ஆனால் தோட்டம் வைத்தால் மட்டும் போசாக்கு வந்துவிடும் என்று நம்பி இறங்க வேண்டாம். உலக மரக்கறி நிலையம் என்ற ஆராய்ச்சி நிறுவனம் பாடசாலைத் தோட்டங்களைப் பல நாடுகளில் சோதித்துப் பார்த்தது. நேபாளத்திலும் புர்க்கினா பாசோவிலும் செய்த ஆய்வுகளில் பிள்ளைகளின் அறிவு கூடியது. எந்த மரக்கறியில் என்ன சத்து என்று சொல்லத் தெரிந்துகொண்டார்கள். ஆனால் சாப்பிடும் அளவு கூடவில்லை. பிறகு நேபாளத்தில் அதே ஆட்கள் பாடசாலைத் தோட்டத்தோடு பெற்றோருக்கு வீட்டுத்தோட்டப் பயிற்சியும் விதையும் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதுதான் பிள்ளைகள் சாப்பிடுகிற மரக்கறி கூடியது. காரணம் விளங்குகிறது தானே. வீட்டில் என்ன சமைப்பது என்று தீர்மானிப்பது பிள்ளை இல்லை.

இன்னொன்று, கணக்கு. 100 கிராம் பச்சை முருங்கையிலையில் ஏறத்தாழ 9 கிராம் புரதம், 185 மில்லிகிராம் கல்சியம், 4 மில்லிகிராம் இரும்பு, 50 மில்லிகிராமுக்குச் சற்று மேல் விற்றமின் சி. கேட்க நிறைய. ஆனால் ஏழு வயதுப் பிள்ளை ஒரு நேரத்தில் 20 கிராம் இலை சாப்பிட்டாலே பெரிய விசயம். அதில் 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை, அதிலும் சிறு பங்குதான் உடம்பில் சேரும். அந்த வயதுக்கு நாளைக்கு 10 மில்லிகிராம் வேண்டும். இலை வேண்டும், இலையோடு பயறு, கௌபி, கச்சான், நெத்தலி, முட்டையும் வேண்டும். கௌபியும் கச்சானும் பாடசாலைக் காணியிலேயே வரும், மண்ணுக்கும் தழைச்சத்துச் சேர்க்கும்.

சமையல் குழு அம்மா, கோப்பாய்

நான் பாடசாலையில் சமைக்கிற அம்மாமாரில் ஒருவர். ரீச்சரும் தம்பியும் எழுதியதை வாசித்தேன். எங்கள் பக்கத்துக் கரைச்சலையும் சொல்ல வேண்டும்.

விடிய அடுப்பு மூட்டி, பத்தரைக்குள் சோறு, பருப்பு, ஒரு கறி முடிக்க வேண்டும். அந்த நேரத்தில் யாராவது ஒரு கட்டு முருங்கைக் கொப்பைக் கொண்டுவந்து போட்டால் என்ன செய்வது? நூறு பிள்ளைக்கு இலை ஆய்ந்து முடிக்க ரெண்டு பேர் வேண்டும். அதனால்தான் எல்லாரும் பூசணியும் பீற்றூட்டும் வாங்குகிறார்கள். வெட்டிப் போட்டால் முடிந்தது. கீரை வேண்டாம் என்று ஒருவரும் நினைப்பதில்லை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. முதல் நாள் பின்னேரம் கொப்பை முறித்து, பழைய சீலையில் இறுக்கிச் சுற்றி நிழலில் வைத்துவிட வேண்டும். விடிய அவிழ்த்து உதறினால் இலை தானாகக் கொட்டும். ஈர்க்கு மட்டும் பொறுக்கினால் போதும். ஆகவே தோட்டம் பார்க்கிறவர்கள் முதல் நாளே எங்களிடம் தர வேண்டும். இப்படி ஒரு ஒழுங்கு இல்லாமல் கீரை நட்டால் அது முற்றிப் பூத்துப் போகும்.

பிள்ளைகள் கீரையைக் கோப்பை ஓரத்தில் ஒதுக்குவது உண்மைதான். வறையாகத் தனியே வைத்தால் ஒதுக்குவார்கள். பருப்புக்குள் கடைசியில் போட்டு இறக்கினால் சாப்பிடுவார்கள். பசளி வழவழப்பாக இருக்கும் என்று சிலருக்குப் பிடிக்காது, அதையும் பருப்போடு கடைந்துவிட்டால் தெரியாது. அகத்தி கைக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். தேங்காய்ப்பால் கொஞ்சம் விட்டுச் சொதி வைத்தால் முருங்கையிலை நன்றாகவே இறங்கும். இன்னொன்றும் பார்த்தேன். எந்த வகுப்புப் பிள்ளைகள் கீரை முறித்துக் கொண்டுவந்து தருகிறார்களோ, அன்றைக்கு அந்த வகுப்பில் மிச்சம் வருவது குறைவு. "இது நாங்கள் முறிச்சது" என்று மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள்.

கிளிநொச்சியில் விவசாயம் படித்தவன்

அக்கா, சமையலை அறியாமல் எங்கள் படிப்பில் சொல்லித்தருவது எல்லாம் அரைகுறைதான். நீங்கள் சொன்ன தேங்காய்ப்பாலுக்கு இன்னொரு பயனும் உண்டு. கீரையிலும் பூசணியிலும் பப்பாசியிலும் இருக்கிற விற்றமின் ஏ சத்துச் சேர எண்ணெய்த்தன்மை வேண்டும். இறக்கும்போது தேசிக்காய் பிழிந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் குறையும். ரீச்சர், வேலி மூலையில் ஒரு தேசி மரத்துக்கும் இடம் விடுங்கள்.

ரொறன்ரோ பழைய மாணவர்

ஊர்ப் பாடசாலைக்கு எங்கள் சங்கம் ஏதாவது செய்ய வேண்டும் என்று கதைத்துக்கொண்டிருக்கிறோம். வலை அடித்த பசுமைக்கூடம், மண்ணில்லா வளர்ப்பு, சொட்டுநீர் எல்லாம் ஒன்றாகச் செய்து தரலாம் என்று ஒருவர் மதிப்பீடு கொடுத்திருக்கிறார். பிள்ளைகள் புதிய தொழில்நுட்பமும் பழகுவார்கள். இது சரிவருமா?

ஏழாலைத் தோட்டக்காரர்

தம்பி, உங்கள் மனதுக்கு நன்றி. ஆனால் பசுமைக்கூடம் வேண்டாம். இப்படிக் கட்டிக் கொடுத்த கூடங்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். வலை ரெண்டு வருடத்தில் கிழியும், மோட்டார் பழுதானால் திருத்தக் காசு இராது, கரைசல் உரம் மாதா மாதம் வாங்க வேண்டும். திறப்புவிழாப் படத்தில் மட்டும் பச்சையாக இருக்கும். அதே காசில் பின்பக்க வேலியை மாடு புகாமல் அடைத்துத் தாருங்கள். கட்டாக்காலி மாடு ஒரு இரவு வந்தால் ஒரு தவணை வேலை போச்சு. கிணற்றிலிருந்து தோட்டத்துக்கு ஒரு குழாய், பிள்ளை தூக்கக்கூடிய அளவில் சின்னப் பூவாளிகள், லீவு நாட்களில் தண்ணீர் விடுகிறவருக்கு ஒரு கூலி. இந்தக் கூலிக்குத்தான் ஒருவரும் காசு தருவதில்லை. பெயர் பொறிக்க இடம் இல்லை என்பதால் போல.

சுகாதாரப் பக்கம், யாழ்ப்பாணம்

சேதனப் பசளை, அதாவது இயற்கை எரு, என்றால் எவ்வளவும் போடலாம், ஒன்றும் ஆகாது என்ற நினைப்பு எங்கள் மக்களிடம் இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும்.

யாழ்ப்பாணத்தின் குடிதண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் தேங்குகிற மழைநீர்தான். மேலே போடுவது எல்லாம் கீழே இறங்கும். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன எல்லைக்கு மேல் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகும் சக்தியை அது குறைக்கும். காரணம் யூரியா மட்டும் இல்லை. அளவுக்கு மிஞ்சின மாட்டெருவும் கோழியெருவும் மலசலகூடக் குழிகளும்தான். ஆகவே எருக்கும்பியைக் கிணற்றடியில் வைக்க வேண்டாம், மழைக்கு மூடி வையுங்கள்.

அடுத்தது பச்சை எரு. வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போட்டுத்தான் சாப்பிடுகிறோம். மக்காத எரு போட்ட மண்ணில் தொட்டுக்கொண்டு வளர்ந்த இலையைப் பச்சையாகக் கொடுத்தால் வயிற்றோட்டம் வரும். வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்குக் கொடுத்த போசாக்கு எல்லாம் வீண். மண்ணில் படுகிற பயிருக்குப் பச்சை எரு போட்டால் அறுவடைக்கு 120 நாள் இடைவெளி வேண்டும் என்று அமெரிக்கச் சேதன விவசாய விதியே சொல்கிறது. பாடசாலையில் மக்கின கூட்டெரு மட்டும் போடுங்கள். வல்லாரையை ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள்.

நத்தை பொறுக்குவதைப் பிள்ளைகளிடம் விட வேண்டாம். ஆபிரிக்க நத்தையில் ஒட்டுண்ணி இருக்கலாம். பெரியவர்கள் கையுறை போட்டுக்கொண்டு பின்னேரத்தில் எடுத்து உப்புத்தண்ணீரில் போடட்டும். சிரட்டை, ரயர், வெட்டின போத்தல் ஆகியவற்றில் செடி வைக்கிறவர்கள் அடியில் ஓட்டை போடுங்கள். கார்த்திகை, மார்கழியில் எங்கள் மாவட்டத்தில் டெங்கு எப்படி ஏறும் என்று எல்லோருக்கும் தெரியும்.

உரும்பிராய் வெங்காயத் தோட்டம்

சேதனம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. 2021 மே மாதம் ஒரே வர்த்தமானியில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். நவம்பரில் திரும்ப விட்டார்கள். இடையில் விதைத்தவன் கதி என்ன? வெங்காயம் பிடிக்கவில்லை, கடன் ஏறியது. இப்போது பிள்ளைகளுக்கும் அதையே படிப்பிக்கப் போகிறீர்களா?

வலிகாமம் ஆரம்பப்பிரிவு ஆசிரியை

அண்ணை, உங்கள் கோபம் நியாயமானது. எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் தகப்பன்மாரும் அந்த வருடம் நகை அடகு வைத்தவர்கள்தான். ஒரு நாட்டின் வயலை ஒரே இரவில் மாற்றச் சொன்னதைச் சரி என்று நான் சொல்ல மாட்டேன். நான் கேட்பது அரைப் பரப்பு. ஒரு ஏக்கருக்கு 16 பரப்பு என்றால் அது எவ்வளவு சின்னது என்று உங்களுக்குத் தெரியும். சந்தைக்கு விளைவிக்கவில்லை, கடன் எடுக்கவில்லை, விளைச்சல் குறைந்தால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. அந்த அளவுக்கு வேண்டிய எருவை அந்த வளவே தரும். ஆறு வயதுப் பிள்ளை கை வைக்கிற இடத்தில் பீடைநாசினிப் போத்தல் இருக்கக் கூடாது என்பதுதான் எனக்கு முதல் காரணம். வெங்காயத்துக்கு என்ன போடுவது என்பது உங்கள் தொழில், அதில் நான் தலையிட மாட்டேன்.

உரும்பிராய் வெங்காயத் தோட்டம்

அப்படியென்றால் சரி ரீச்சர். பாத்தி கட்ட ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஒரு சனிக்கிழமை வந்து கட்டித் தருகிறேன். வேப்பங்கொட்டை இடித்து ஊறவைத்த தண்ணீர் வெள்ளை ஈக்கும் அழுக்கணவனுக்கும் வேலை செய்யும். ஆனால் பின்னேரத்தில் அடிக்க வேண்டும், வெயிலில் சக்தி போய்விடும்.

தீவகத்து அதிபர்

நீங்கள் எல்லோரும் செம்மண்காரர். எங்கள் பக்கம் மாசி கழிந்தால் கிணறு உவர். குடிக்கவே பவுசரில் தண்ணீர் வருகிறது. தோட்டத்துக்கு எங்கே போவது?

கிளிநொச்சியில் விவசாயம் படித்தவன்

சேர், உங்கள் இடத்தில் வருடம் முழுக்கத் தோட்டம் என்று நினைக்க வேண்டாம். மழையோடு தொடங்கி மழை ஈரத்தோடு முடியுங்கள். வருடத்து மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிவரை விழுந்துவிடுகிறது. முளைக்கீரை விதைத்து ஒரு மாதத்துக்குள் பிடுங்கலாம். கௌபி, கச்சான், பயிற்றங்காய் தைக்குள் வந்துவிடும். முருங்கை வேர் பிடித்துவிட்டால் பிறகு தாங்கும்.

கூரை இருக்கிறது தானே. 100 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஆயிரம் லீற்றர். ஒரு வகுப்பறைக் கட்டடத்துக்குப் பீலியும் தாங்கியும் போட்டால் பங்குனிவரை நாற்றுகளைக் காப்பாற்றலாம். ரொறன்ரோ அண்ணை, பசுமைக்கூடக் காசுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

ரொறன்ரோ பழைய மாணவர்

விளங்குகிறது. எங்கள் பாடசாலைக்கு வேலியும் குழாயும் லீவுக் கூலியும். தீவகத்துப் பாடசாலைக்குப் பீலியும் தாங்கியும் செய்ய முடியுமா என்று அடுத்த கூட்டத்தில் கேட்கிறேன். அதிபர் சேர், எந்த அளவுக் கட்டடம் என்று தனிமடலில் எழுதுங்கள்.

வலிகாமம் ஆரம்பப்பிரிவு ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. இந்த மாரிக்கு நாங்கள் செய்யப்போவதை எழுதுகிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்.

காலமை வளவு கூட்டிச் சேர்க்கிற வேப்பம் சருகை நாங்கள் தினமும் மூலையில் எரித்துக்கொண்டிருக்கிறோம். முதலில் அதை நிறுத்துகிறோம். சருகு மூன்று பங்கு, வேலிக் கிளிசிறியா மரத்துக் குழையும் சமையல் கழிவும் ஒரு பங்கு, இடுப்பளவுக் கும்பி. கையில் அள்ளிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, ஆனால் பிடி உடையாமல் நிற்க வேண்டும் என்று விவசாயப் போதனாசிரியர் காட்டித் தந்தார். ரெண்டு கிழமைக்கு ஒருமுறை பிரட்டுவோம்.

வேலியில் முருங்கையும் பசளியும். பாத்தியில் முளைக்கீரை, பொன்னாங்காணி, கௌபி மட்டும். கத்தரி, மிளகாய் இல்லை. எந்த நாளில் எந்த இலை என்று சமையல் அம்மாமார்தான் தீர்மானிப்பார்கள், தரம் 4 பிள்ளைகள் முதல் நாள் பின்னேரம் முறித்துக் கொடுப்பார்கள். விற்பனை கிடையாது. மிஞ்சினால் அன்றைக்கு வந்த பிள்ளைகளின் கையில் வீட்டுக்குப் போகும். தம்பி சொன்ன நேபாளக் கதைக்காக, தரம் 3 பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு பசளித் தண்டும் ஒரு பப்பாசிக் கன்றும் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அதைத் தாயிடம் கொடுக்கும் நாளில் பருப்புக்குள் எப்படிப் போடுவது என்பதைக் கோப்பாய் அக்கா பாடசாலையில் சமைத்துக் காட்ட ஒத்துக்கொண்டிருக்கிறா.

இன்னொரு விசயத்தை அதிபரோடு பேசி முடிவு எடுத்தோம். பிந்தி வந்த பிள்ளையைப் புல்லுப் பிடுங்க விடுவது இனி இல்லை. தண்டனையாகக் கொடுத்த வேலையைப் பிள்ளை எப்படி விரும்பும்? தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வகுப்பை விட்டுவிட்டு மண்வெட்டியா என்று கேட்கிற பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, கிழமையில் ஒரு பாடவேளைதான், அதிலும் அளக்கிறார்கள், எண்ணுகிறார்கள், எழுதுகிறார்கள். வயிறு காய்ந்த பிள்ளைக்கு அந்தப் பரீட்சைக்கான மேலதிக வகுப்பு என்ன செய்யும் என்றும் கேட்கிறேன்.

ஏழாலைத் தோட்டக்காரர்

மார்கழி லீவுக்கு யார் தண்ணீர் விடுவது என்று எழுதவில்லையே ரீச்சர். மழை விட்டால் முளைக்கீரை மூன்று நாள் தாங்காது.

வலிகாமம் ஆரம்பப்பிரிவு ஆசிரியை

பாடசாலைக்குப் பக்கத்தில் நாலு குடும்பங்கள் முறை போட்டு ஒத்துக்கொண்டிருக்கிறார்கள் ஐயா. லீவில் விளைகிற கீரை முழுக்க அவர்களுக்கு. ரொறன்ரோக் கூலி வந்தால் அதுவும் அவர்களுக்குத்தான். படலைத் திறப்பு ஒன்று அவர்களிடம் இருக்கும்.

கதியால் எத்தனை தருவீர்கள்?

ஏழாலைத் தோட்டக்காரர்

இருபது தரலாம். புரட்டாதி கடைசியில் வெட்டி நிழலில் போட்டு வைக்கிறேன், ஏற்றிப்போக லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் கொண்டு வாருங்கள். பசளித் தண்டு வீட்டு வேலியிலேயே நிறைய இருக்கிறது, அதை நடுகிற அன்று விடிய முறித்துத் தருகிறேன், முன்கூட்டியே வெட்டினால் வாடிவிடும்.